தூய காற்றுக்காகக் கைகோக்கும் ஊர்கள்

கந்தர்வக்கோட்டையிலிருந்து புதுக்கோட்டைக்குப் பேருந்தில் போகிறவர்களுக்கு ஆதனக்கோட்டை வந்துவிட்டதைச் சொல்ல நடத்துநர் தேவையில்லை. முந்திரிக்கொட்டை வறுக்கும் புகை சொல்லிவிடும். இரும்புச் சட்டியில் கொட்டையைப் போட்டு வறுக்கும்போது ஓட்டிலுள்ள எண்ணெய் தீப்பற்றிக் கரும்புகை எழும். அந்தப் புகையில் நின்று வறுப்பவர்களும், பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டை உடைத்துப் பருப்பெடுப்பவர்களும் பெரும்பாலும் பெண்கள். கையில் ஓட்டெண்ணெய் பட்ட புண்ணை நாம் பார்க்கிறோம். நெஞ்சுக்குள் போன புகையை யார் பார்க்கிறார்கள்?

காற்று மாசு என்றாலே டெல்லியும் சென்னை மணலியும்தான் நினைவுக்கு வருகின்றன. மத்திய அரசு 2019ஆம் ஆண்டு ஜனவரியில் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் தமிழகத்திலிருந்து இடம்பெற்றவை சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி ஆகிய நான்கு நகரங்கள் மட்டுமே. நம்மைப் போன்ற ஊர்கள் அந்தப் பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாத ஊரின் காற்றை யார் கவனிப்பது? அந்தந்த ஊர் மக்களே கவனித்து, பிற ஊர்களோடு கைகோத்து ஓரளவு வென்றும் காட்டியிருக்கிறார்கள். அவற்றுள் நாம் முதலில் அறிய வேண்டியது நமக்கு அருகிலேயே, கடலூரில் நடந்தது.

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் சாலையில், உப்பனாற்றங்கரையில் சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. அதைச் சுற்றி ஈச்சங்காடு, குடிகாடு, சோனஞ்சாவடி, செம்மங்குப்பம் போன்ற சிற்றூர்கள். இரவில் ஆலைகளிலிருந்து நெடி வந்தால் மக்கள் தூங்க முடியாது. காலையில் அதிகாரி வரும்போது நெடி இருக்காது. ஆதாரம் கேட்பார்கள், காட்ட ஒன்றும் இருக்காது. காற்று மாசு வழக்குகள் எல்லாவற்றுக்கும் உள்ள பெரும் சிக்கல் இதுதான். கழிவுநீர் என்றால் ஒரு புட்டியில் பிடித்து வைக்கலாம். காற்றை எதில் பிடிப்பது?

வாளியில் பிடிக்கலாம் என்ற விடை அமெரிக்காவிலிருந்து வந்தது. கலிஃபோர்னியா மாநிலத்தின் கான்ட்ரா கோஸ்டா பகுதியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை ஒன்றின் அருகே வாழ்ந்த மக்களுக்காக வழக்காடிய எட்வர்ட் மாஸ்ரி என்ற வழக்கறிஞர், 1995இல் ஒரு பொறியாளரைக் கொண்டு எளிய கருவி ஒன்றைச் செய்வித்தார். மூடியுள்ள பிளாஸ்டிக் வாளி, அதற்குள் ஒரு சிறப்பு வகைப் பை, வாளிக்குள் உள்ள காற்றை உறிஞ்ச ஒரு சிறு பம்ப். வாளிக்குள் காற்று குறைந்ததும் வெளிக்காற்று பைக்குள் வந்து நிரம்பும். பையை மூடி ஆய்வகத்துக்கு அனுப்பிவிட வேண்டியதுதான். அரசுத் துறைகள் பயன்படுத்தும் கருவிகளோடு ஒப்பிட்டால் செலவு மிகக் குறைவு. எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் பழகிக்கொள்ளலாம்.

இந்த வாளி 2004இல் கடலூருக்கு வந்தது. சிப்காட் பகுதிக் கிராமத்தவர்களே சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி பெற்றார்கள். நித்யானந்த் ஜெயராமன், ஸ்வேதா நாராயண் போன்ற செயற்பாட்டாளர்கள் துணை நின்றார்கள். மாதிரிகள் கடல் கடந்து கலிஃபோர்னிய ஆய்வகத்துக்குச் சென்றன. அவ்வாண்டே வெளியான அறிக்கை, அந்தக் காற்றில் 22 நச்சு வேதிப்பொருட்கள் இருப்பதாகவும் அவற்றுள் 8 புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்றும் கூறியது. அபாயகரக் கழிவுகள் குறித்து உச்ச நீதிமன்றம் அமைத்த கண்காணிப்புக் குழுவின் கவனத்துக்கும் அது சென்றது.

இதில் நம்மை மிகவும் கவர்ந்தது வாளி அல்ல, நோட்டுப் புத்தகம். எந்தத் தேதி, எத்தனை மணி, எந்தத் திசையிலிருந்து காற்று, எப்படிப்பட்ட நெடி, கண் எரிந்ததா, தலை சுற்றியதா என்று கிராமத்து மக்கள் குறித்து வைத்தார்கள். அழுகிய முட்டை போன்ற நெடி என்றால் ஹைட்ரஜன் சல்பைடு என்பது வேதியியல் படித்தவருக்குத் தெரியும். அந்த நெடி எந்த ஆலையிலிருந்து எந்த நேரத்தில் வரும் என்பது அங்கேயே குடியிருக்கும் தாய்மார்களுக்குத்தான் தெரியும். இரண்டும் சேர்ந்தபோதுதான் வெறும் புகார் சாட்சியமாக மாறியது. அக்காலத்தில் பென்சீன் போன்ற புற்றுநோய்க் காரணிக்கே நம் நாட்டின் வெளிக்காற்றில் இவ்வளவுதான் இருக்கலாம் என்ற அளவுகோல் இல்லை. 2009இல் திருத்தப்பட்ட தேசியத் தரநிலையில்தான் அது சேர்க்கப்பட்டது.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தின் தென்பகுதியிலும் இதே கதை. நிறவெறி ஆட்சி இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய மெரிபேங்க் குடியிருப்பு, எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளின் மடியில் அமைந்தது. கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறிய தமிழர்கள், தெலுங்கர்களின் வழித்தோன்றல்கள் அங்கு ஏராளம். அங்குள்ள ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வு செய்தபோது பாதிக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஆஸ்துமா அறிகுறி இருந்தது. பக்கத்துக் கறுப்பின, கலப்பினக் குடியிருப்புகளின் அமைப்புகளும் இந்தியர் சங்கங்களும் தனித்தனியே மனுக் கொடுத்துச் சலித்து, பிறகு தென் டர்பன் சமூகச் சுற்றுச்சூழல் கூட்டமைப்பாக ஒன்றிணைந்தன. நிறவெறி ஆட்சி தனித்தனியே பிரித்துக் குடியமர்த்திய மக்களை அந்தப் புகை ஒன்றாக உட்கார வைத்துவிட்டது. அதன் தலைவர்களுள் ஒருவரான டெஸ்மண்ட் டிசாவுக்கு 2014இல் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது.

உலகிலேயே முஸ்லிம்கள் மிக அதிகம் வாழும் நாடுகளுள் ஒன்றான இந்தோனேசியாவில், ஜகார்த்தா குடிமக்கள் 32 பேர் 2019இல் அரசின் மீது வழக்குத் தொடுத்தார்கள். 2021 செப்டம்பர் 16 அன்று, அதிபர் உள்ளிட்டோர் மக்களுக்குத் தூய காற்றை உறுதி செய்யத் தவறிவிட்டார்கள் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. போலந்தின் கிராகோவ் நகரில் 2012இல் ஒரு சிலர் தொடங்கிய இயக்கம், வீடுகளில் நிலக்கரியும் விறகும் எரிப்பதற்கு 2019 செப்டம்பர் 1 முதல் முழுத் தடை வரும்வரை ஓயவில்லை. அங்கே எதிரே நின்றது பெரிய ஆலை அல்ல. ஒவ்வொருவர் வீட்டு அடுப்பும்தான். நம் ஊருக்கு மிகவும் பொருந்துவது இதுவே என்று கருதுகிறோம்.

எல்லா இடத்திலும் எளிதாக முடியவில்லை. தூத்துக்குடியில் தாமிர ஆலைக்கு எதிராக மீனவர், வியாபாரி, கிறிஸ்தவர், இந்து, முஸ்லிம் என்று எல்லாரும் இறங்கிய போராட்டத்தின் நூறாவது நாள் 2018 மே 22. அப்போது நடந்த துப்பாக்கிச் சூட்டில் பதின்மூன்று உயிர்கள் போயின. ஆலையைத் திறக்கக் கோரிய மனுவை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 29 அன்று தள்ளுபடி செய்தது.

இதில் மார்க்கத்துக்கு என்ன வேலை என்று சில சகோதரர்கள் கேட்பார்கள். பச்சைப் பூண்டோ வெங்காயமோ தின்றவர் பள்ளிவாசலுக்கு வராமல் விலகியிருக்க வேண்டும் என்ற நபி (ஸல்) அவர்களின் கட்டளை புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. நாம் அதை ஒழுக்கம் என்ற அளவில் பயானில் சொல்லிவிட்டுப் போகிறோம். அடுத்தவர் சுவாசிக்கும் காற்றின் மீது அவருக்கு உரிமை உண்டு என்பதல்லவா அதன் உட்பொருள்! ஃபுகஹாக்கள் அப்படித்தான் விளங்கினார்கள். 12ஆம் நூற்றாண்டில் சிரியாவில் வாழ்ந்த ஷைஸரீ, சந்தைக் கண்காணிப்பாளரான முஹ்தஸிபுக்கு எழுதிய கையேட்டில், ரொட்டி சுடுபவர்களின் கடைக்கூரை உயரமாகவும் புகைபோக்கி அகலமாகவும் இருக்கச் செய்ய வேண்டும் என்கிறார். 14ஆம் நூற்றாண்டில் துனிஸ் நகரத்துக் கட்டட வல்லுநர் இப்னுர் ராமீ, அண்டை வீட்டாருக்குத் தீங்கு தரும் அடுப்புப் புகை, தோல் பதனிடும் நாற்றம் ஆகியவற்றைத் தடுக்கும் மாலிகி மத்ஹப் சட்டங்களைத் தொகுத்தார். அக்கால மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் என்று அவர்களைச் சொன்னால் மிகையில்லை.

தோல் பதனிடுதல் என்றதும் நம் மனம் உறுத்தத்தான் செய்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி தோல் ஆலைகளில் பல நம் சமுதாயத்தவருடையவை. பாலாறு கெட்டதற்கு அவற்றின் பங்கு எவ்வளவு என்பது வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் உறுதியாக வேரூன்றியது அந்த வழக்கில்தான். பிறர் தவறைப் பேசும்போது இதை மறைத்துவிட்டுப் பேசுவது அமானிதமாகாது.

உலக அளவில் ஆலிம்கள் பேசாமல் இல்லை. 2015இல் இஸ்தான்புல்லில் பருவநிலை குறித்த இஸ்லாமியப் பிரகடனமும், 2024இல் நைரோபியில் 'அல் மீஸான்' என்ற சுற்றுச்சூழல் ஆவணமும் வெளியிடப்பட்டன. நல்ல முயற்சிகளே. ஆனால் அறிக்கையோடு நின்றுவிட்டால் தெருமுனைக் குப்பை அப்படியே எரிந்துகொண்டுதான் இருக்கும். நாமே இதில் குற்றவாளிகள். ஒரு ரமளானில் நோன்புக் கஞ்சி குடித்த பிளாஸ்டிக் குவளைகளைப் பள்ளிவாசலின் பின்புறம் கொட்டி எரித்ததை நாம் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். தராவீஹுக்கு வந்த ஒரு பெரியவர் இருமி இருமி இடையிலேயே எழுந்து போன பிறகுதான் உறைத்தது. மறு ஆண்டிலிருந்து சில்வர் டம்ளர். கழுவ ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் திருத்திய வழிகாட்டுதலின்படி, பிஎம் 2.5 எனப்படும் நுண்துகள் ஆண்டுச் சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. நம் நாட்டின் தரநிலை 40 வரை அனுமதிக்கிறது. எட்டு மடங்கு! அரசின் அளவுக்குள் இருக்கிறது என்றாலே நுரையீரலுக்கு நல்லது என்று அர்த்தமில்லை.

நம் ஊரில் எதைக் கொண்டு தொடங்கலாம்? குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பதற்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே 5,000 ரூபாயும், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாயும் விதிக்க உத்தரவிட்டுள்ளது. தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. பாதிக்கப்பட்ட எவரும் அங்கு மனுச் செய்யலாம். அவ்வளவு தூரம் போவதற்கு முன் கிராம சபை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டில் ஆறு முறை கூடுகிறது. ஜமாஅத் தனியாகப் போனால் ஒரு மனு. கோயில் கமிட்டி, தேவாலயத்தார், மகளிர் குழு, வியாபாரிகள் சங்கம் ஆகியோரோடு சேர்ந்து போனால் ஊரின் தீர்மானம்.

முந்திரி வறுப்பவர்களின் அடுப்பை மூடச் சொல்லி அந்தத் தீர்மானம் போய்விடக்கூடாது என்பதில் நாம் கவனமாயிருக்க வேண்டும். அவர்கள் பிழைப்பு அது. உயரமான புகைபோக்கி, வறுக்காமல் நீராவியில் வேகவைத்து உடைக்கும் முறை, அதற்கான கடனுதவி ஆகியவற்றைத்தான் கேட்க வேண்டும். கேட்பதற்கு முன், கடலூர்ப் பெண்களைப் போல ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி தேதி, நேரம், காற்றின் திசை, யாருக்கு மூச்சுத்திணறல் என்று மூன்று மாதம் எழுதி வைக்க வேண்டும். மக்தபில் பெரிய வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்தால்கூட அழகாக எழுதிவிடுவார்கள்.