கச்சானைத் தேடிப்போன கதை

கச்சான் என்றதும் நமக்குக் கோயில் திருவிழாதான் ஞாபகம் வரும். பிரித்தானிய அரசியலிலோ அது நெடுங்காலம் ஒரு கேலிச்சொல். ஊருக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று மாதாமாதம் கூடித் திட்டம் போடும் நமது சங்கத்தவர்களுக்காகவே இந்தக் கதையை எடுத்துக்கொண்டேன்.

இரண்டாம் உலகப்போர் முடிந்தும் பிரித்தானியாவில் வெண்ணெய், மாஜரின், சமையற் கொழுப்பு எல்லாம் பங்கீட்டில்தான் கிடைத்தன. 1946இல் யுனைட்டட் ஆபிரிக்கா கம்பனியின் நிர்வாக இயக்குநர் பிராங் சாமுவேல் அரசாங்கத்திடம் ஒரு யோசனை சொன்னார். ஆபிரிக்காவிலே பற்றைக்காடுகளை இயந்திரங்களால் அழித்துக் கச்சான் பயிரிட்டால் எண்ணெய்த் தட்டுப்பாடு தீரும் என்றார். அவருடைய கம்பனி, மாஜரின் தயாரிக்கும் யூனிலீவரின் துணைக் கம்பனி என்பதையும் சொல்லிவைக்க வேண்டும். தங்கனிக்காவில் விவசாயப் பணிப்பாளராக இருந்த ஜோன் வேக்பீல்ட் தலைமையில் மூவர் குழு ஒன்று சில வாரங்கள் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, 32 இலட்சம் ஏக்கர், சுமார் இரண்டரைக் கோடி பவுண் என்று கணக்குக் கொடுத்தது. அதில் பெரும்பகுதி இன்றைய தன்சானியாவின் பெருநிலப்பரப்பான தங்கனிக்காவில்.

கோளாறு இங்கேதான் தொடங்கியது. நாட்டுக்குத் தேவைப்பட்டது எண்ணெய். ஆனால் காகிதத்தில் இலக்காக ஏறியது ஏக்கர். அந்த ஏக்கருக்கு வழி இயந்திரம் என்பதும் முதலிலேயே முடிவாகிவிட்டது. சிறிதாக ஒரு பரீட்சார்த்தப் பண்ணை வைத்துப் பார்ப்போம் என்ற பேச்சு எடுபடவில்லை. அவசரம், நேரமில்லை என்றார்கள்.

வேறு வழி இல்லாமலா இருந்தது? அதே காலத்தில் வட நைஜீரியாவின் கானோ நகரில், சிறு விவசாயிகள் விளைவித்த கச்சான் மூட்டைகள் பிரமிட்டுகள் போலக் குவிந்து கிடந்தன. துறைமுகத்துக்கு ஏற்றிச்செல்லப் போதிய ரயில் எஞ்சின்களும் பெட்டிகளும் இல்லை. எண்ணெய்தான் இலக்கு என்று மனதில் இருத்தியிருந்தால் முதற் காசு ரயிலுக்குப் போயிருக்கும். ரயில் பெட்டி வாங்குவதில் அமைச்சர்களுக்கு என்ன பெருமை!

1947இல் கொங்வாவில் வேலை தொடங்கியது. முதல் வருட இலக்கு ஒன்றரை இலட்சம் ஏக்கர். புதிய உழவு இயந்திரங்கள் கிடைக்காததால் பிலிப்பைன்ஸில் அமெரிக்க இராணுவம் விட்டுச்சென்ற பழையவற்றை வாங்கினார்கள். ஷேர்மன் யுத்தத் தாங்கிகளைக்கூட உழவு இயந்திரங்களாக மாற்றினார்கள். பற்றையின் வேர்கள் கலப்பையை முறித்தன. களிமண் நிலம் மழை விட்டதும் கல்லாக இறுகியது. கச்சானோ நிலத்துக்குள் விளைகிற பயிர், கிண்டி எடுக்கமுடியவில்லை. அங்கே மாடு வளர்த்து வாழ்ந்த கோகோ மக்களுக்கு வறட்சியும் பஞ்சமும் புதிதல்ல. மழை பொய்க்கும் நிலம் அது என்பதை அவர்களிடமே கேட்டறிந்திருக்கலாம். முதல் வருடம் பத்தாயிரம் ஏக்கர்கூடத் துப்புரவாகவில்லை.

பிறகு இலக்கை மாற்றத் தொடங்கினார்கள். 1949இல் 32 இலட்சம் ஏக்கர், 6 இலட்சமாகக் குறைந்தது. கச்சான் சரிவராத இடத்தில் சூரியகாந்தி போட்டார்கள். அதையும் வறட்சி விடவில்லை. உணவு அமைச்சர் ஜோன் ஸ்ட்ரேச்சி ஒவ்வொரு தடவையும் நாடாளுமன்றத்தில் எழுந்து திட்டத்தைக் காத்துப் பேசினார். தெற்கே ம்ற்வாராவில் துறைமுகமும் அங்கிருந்து ரயில் பாதையும் அமைத்தார்கள். ஏற்றுவதற்குக் கச்சான் இல்லாத அந்தப் பாதை 1960களின் தொடக்கத்தில் மூடப்பட்டது.

1951 ஜனவரியில் அரசாங்கம் சுமார் 3 கோடி 60 இலட்சம் பவுணைக் கணக்கிலிருந்து தள்ளியது. எஞ்சிய நிலத்தில் எந்தப் பயிர், எந்த முறை பொருந்தும் என்று பரீட்சித்துப் பார்ப்பது என்றும் தீர்மானித்தது. 1946இல் நேரமில்லை என்று தள்ளிய அதே வேலைதான்.