அடுக்களையில் தொடங்கிய கல்வி

அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கு அடுக்களைப் பணி கற்பித்தல் இக்காலப் புதுமை என்று எண்ணுவோர் பலர். அஃது இரு நூற்றாண்டுப் பழமையுடையது.

பிரெஞ்சு நாட்டில் அவெரோன் பகுதிக் காட்டிலிருந்து 1800-இல் வந்துசேர்ந்த பேசாச் சிறுவனுக்கு, பாரிசு மருத்துவர் இத்தார் ‘விக்டர்’ எனப் பெயரிட்டுக் கல்வி புகட்டினார். குவெரேன் அம்மையார் அவனைத் தாய்போல் பேணினார். அவன் அவரை உரித்தான். உணவு மேசையில் தட்டுகளை முறையாக வைத்தான். ‘பால்’ என்னும் பிரெஞ்சுச் சொல்லின் நான்கு எழுத்துகளையும் பிறர் வீட்டிற்கு எடுத்துச் சென்று, வரிசையாக அடுக்கிப் பால் கேட்டான்.

ஆயினும் பேச்சு வரவில்லை. இத்தார் மனந்தளர்ந்தார். ஆனால், அவர் 1806-இல் எழுதிய அறிக்கையிலேயே ஒரு நிகழ்ச்சி உண்டு. அம்மையாரின் கணவர் இறந்த நாளில், விக்டர் வழக்கம்போல் அவருக்கும் தட்டு வைத்தான். அம்மையார் அழுதார். அதைக் கண்டவன் தட்டை எடுத்து அலமாரியில் வைத்தான். பின்னர் ஒருபோதும் அதை வைக்கவில்லை.

இத்தாரின் வழியைச் செகேன் வளர்த்தார். இருவர் நூல்களையும் கற்ற மாண்டிசோரி அம்மையார், 1907-இல் உரோமில் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில் உணவு பரிமாறுதலையும் பாடமாக்கினார்.

பேச்சொன்றையே அளவுகோலாகக் கொண்டால் விக்டர் தோற்றவன். அந்தத் தட்டை நினைத்தால், அவன் கற்றது சிறிதன்று என்பதை ஆசிரியர் உணர்வர்.