நவுருவின் முதல் அதிபர்

1/ பசிபிக் கடல்ல நவுருன்னு ஒரு தீவு. மொத்தமே 21 சதுர கிலோமீட்டர். டாக்டர்களுக்கு இந்தப் பெயர் சர்க்கரை நோய் பற்றிய ஆய்வுகளால் பழக்கம். அதன் முதல் அதிபர் ஹேமர் டிரோபர்ட் கதையையும் தெரிஞ்சுக்கோங்க.

2/ அவர் பள்ளி ஆசிரியர். இரண்டாம் உலகப்போரில் ஜப்பான் ராணுவம் சுமார் 1,200 நவுரு மக்களை ட்ரக் தீவுகளுக்கு நாடு கடத்தியது. அவரும் அதில் ஒருவர். பசி, நோய். 1946 ஜனவரி 31 அன்று ஊர் திரும்பியவர்கள் 737 பேர்தான்!

3/ பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றும் சேர்ந்து தீவின் பாஸ்பேட்டை உரத்துக்காக வெட்டி எடுத்தன. நிலம் பாழானது. மக்களை கர்டிஸ் தீவில் குடியேற்றுகிறோம், குடியுரிமையும் தருகிறோம் என்றது ஆஸ்திரேலியா. டிரோபர்ட் தரப்பு 1964-ல் மறுத்தது. அங்கே போனா வீடு கிடைக்கும், நவுரு என்ற இனம் கரைஞ்சிடும்.

4/ 1968-ல் விடுதலை. தேதி? அதே ஜனவரி 31. 1970-ல் சுரங்கமும் கைக்கு வந்தது. பணம் கொட்டுச்சு.

5/ கூடவே இறக்குமதி உணவு, குறைந்த உடலுழைப்பு. 1970-களின் நடுவில் ஆய்வு செய்தபோது பெரியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு சர்க்கரை நோய்.

6/ பாழான நிலத்துக்காக 1989-ல் ஆஸ்திரேலியா மீது சர்வதேச நீதிமன்றத்தில் நவுரு வழக்கு போட்டது. 1993-ல் 10.7 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு சமரசம். அதைப் பார்க்க அவர் இல்லை, 1992-லேயே காலமாகிட்டார்.

7/ அடுத்த முறை நவுருவை சர்க்கரை நோய்ப் பட்டியல்ல பார்த்தா, அந்த 737 பேரையும் நினைச்சுக்கோங்க.