அலங்கார எழுத்தின் பூர்வோத்தரம்

இன்ஸ்டாகிராமிலோ ஃபேஸ்புக்கிலோ இளைஞர் ஒருவரின் பக்கத்தைத் திறந்து பார்ப்பவர்களுக்கு, அவருடைய பெயர் ஆங்கில எழுத்துக்களில் வளைந்தும் நெளிந்தும், அல்லது பழைய ஜெர்மானிய வேதப் புத்தகங்களின் முறையில் கறுத்தும் கூர்த்தும், அல்லது சிறு வட்டங்களுக்குள் ஒவ்வோர் எழுத்தாக அடைபட்டும் காட்சி அளிப்பது இப்போது சர்வசாதாரணமான விஷயம். பெயரும் அறிமுக வரியும் எழுதும் கட்டத்தில் எழுத்தின் வடிவத்தை மாற்றிக்கொள்ள அந்தக் கம்பெனிகள் எவ்வித வசதியும் செய்து கொடுக்கவில்லை என்பதையும், ஆயினும் கோடிக்கணக்கானவர்கள் மாற்றிக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்த்தால், இவ்வெழுத்துக்கள் எங்கிருந்து வந்தன என்ற கேள்வி இயல்பாக எழுகிறது. இவற்றை யார் செய்தார்கள், எதற்காகச் செய்தார்கள் என்று விசாரிக்கப் புகுந்தால், அலங்காரப் பிரியர் ஒருவர்கூட அகப்படுவது அரிது. கணித சாஸ்திரிகளும், பின்லாந்து தேசத்து மொழி ஆராய்ச்சியாளர்களும், ஜப்பானிய கம்ப்யூட்டர் பொறியாளர்களும், ஜாவாவில் ஏடு எழுதினவர்களுமே அகப்படுகிறார்கள்.

உருவங்களின் வயது வேறு. அவை கம்ப்யூட்டருக்குள் குடியேறிய வயது வேறு. கறுத்த எழுத்தின் வம்சம், மைன்ஸ் நகரத்தில் 1455-ஐ ஒட்டிக் கூட்டன்பர்க் அச்சிட்ட பைபிளுக்கும், அதற்கு முன்பு மடாலயங்களில் இறகுப் பேனாவால் எழுதிய துறவிகளுக்கும் போய்ச் சேர்வது. அவ்வம்சத்தில் பிறந்த ஃபிராக்டூர் என்னும் எழுத்து ஜெர்மனியில் நூற்றாண்டுக் கணக்கில் நாட்டின் எழுத்தாகவே வழங்கி வந்து, 1941 ஜனவரி 3-ஆம் தேதி நாஜி அரசாங்கத்தின் சுற்றறிக்கை ஒன்றினால் நிறுத்தப்பட்டது. அது யூதர்களின் எழுத்து என்று அவ்வறிக்கை காட்டிய காரணம் முழுப் பொய் என்பதும், அந்த எழுத்தையே அதுவரை தேசியப் பெருமையாகக் கொண்டாடி வந்தவர்கள் அவர்களே என்பதும் சரித்திரத்தின் விசித்திரங்களில் ஒன்று. சாய்ந்த எழுத்தோ வெனிஸ் நகரத்தில் ஆல்டஸ் மனூசியஸ் என்னும் அச்சகத்தார் 1501-இல் வெளியிட்ட வர்ஜில் காவியப் பதிப்பில் பிரசித்தி பெற்றது. அவருக்காக அதை உருக்கில் வெட்டிக் கொடுத்தவர் ஃபிரான்செஸ்கோ கிரிஃபோ. அழுத்திச் சொல்ல வேண்டிய வார்த்தைக்கு மாத்திரம் சாய்வெழுத்தை இடும் வழக்கம் அப்போது இல்லை. புத்தகம் முழுவதுமே சாய்ந்துதான் நின்றது.

இவ்வுருவங்களை அச்சுக்கூடத்திலிருந்து எடுத்துக்கொண்டு போய் அவற்றுக்குப் புதிய உத்தியோகம் கொடுத்தவர்கள் கணித சாஸ்திரிகள். அவர்களுக்கு எழுத்துப் பஞ்சம் எப்போதும் உண்டு. இருபத்தாறு ரோமன் எழுத்துக்களும் கிரேக்க எழுத்துக்களும் போதாமல், ஒரே எழுத்தைச் சாய்த்தால் ஒரு பொருள், தடித்தால் வேறு பொருள், கறுத்த எழுத்தாக்கினால் மூன்றாவது பொருள் என்று வகுத்துக்கொண்டார்கள். சாய்ந்த எழுத்து மாறியைக் குறிக்க, தடித்த எழுத்து திசையனைக் குறித்தது. டெடெகிண்ட் முதலிய ஜெர்மானியப் பேராசிரியர்கள் தம் நாட்டு எழுத்தையே இயற்கணிதத்தில் பிரயோகித்தமையால், அது நாட்டை விட்டு நீங்கிய பிறகும் கணிதத்தை விட்டு நீங்காமல் நிலைத்துவிட்டது. இரட்டைக் கோடு போட்ட எழுத்தின் கதை இன்னும் ரசமானது. புத்தகத்தில் தடித்திருக்கும் எழுத்தைச் சாக்கட்டியால் கரும்பலகையில் தடிப்பாக எழுதுவது சிரமமான காரியம். ஆகையால் ஆசிரியர்கள் ஒரு கோட்டை இரண்டாக இழுத்துவிட்டு அதையே தடித்தது என்று கொள்ளச் செய்தார்கள். அந்தக் கரும்பலகைச் சமாதானத்தைப் பிறகு அச்சகத்தார்கள் மீண்டும் புத்தகத்துக்குள் கொண்டுவந்து, அதற்கென்றே தனி அச்செழுத்தும் வார்த்தார்கள். இன்று அந்த எழுத்தில் தம் பெயரைப் பொறித்துக்கொள்பவர்களில் பலருக்கு, அது சாக்கட்டியின் இயலாமையில் பிறந்தது என்பது தெரியாது.

உலகத்து மொழிகளின் எழுத்துக்களுக்கெல்லாம் பொதுவான எண் வரிசை ஒன்றை வகுக்க 1991-இல் ஸ்தாபிக்கப்பட்ட யூனிகோட் கன்சார்ட்டியத்துக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு சித்தாந்தம் உண்டு. எழுத்து வேறு, எழுத்தின் வடிவம் வேறு. 'ஏ' என்னும் எழுத்துக்கு ஓர் எண் கொடுப்பது தங்கள் கடமை, அதைத் தடிக்கச் செய்வதும் சாய்ப்பதும் எழுத்துருவின் கடமை என்பதே அது. இச்சித்தாந்தத்தின்படி தடித்த 'ஏ'க்குத் தனி எண் கேட்பவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்ப வேண்டியதுதான். ஆனால் அமெரிக்கக் கணிதக் கழகமும், பௌதிக, ரசாயனக் கழகங்களும், விஞ்ஞானப் பத்திரிகைகளை வெளியிடும் நிறுவனங்களும் ஒன்றுகூடி ஸ்டிக்ஸ் என்னும் திட்டத்தின் மூலம் விண்ணப்பித்தபோது, அவர்கள் சொன்ன வாதத்தைத் தள்ள முடியவில்லை. மற்ற எழுத்தில் வடிவம் மாறினால் அழகு மாறும். கணிதத்தில் வடிவம் மாறினால் பொருளே மாறிவிடும். மின்காந்தப் புலத்தின் ஆற்றலைச் சொல்லும் சமன்பாட்டில் ஹாமில்டோனியனைக் குறிக்கும் சுழியெழுத்து 'எச்' ஒன்று இடப்பக்கத்திலும், காந்தப் புலத்தைக் குறிக்கும் சாதாரண 'எச்' ஒன்று வலப்பக்கத்திலும் நிற்கின்றன. வடிவ பேதத்தை எடுத்துவிட்டால் இரண்டும் ஒன்றாகி, பௌதிகச் சூத்திரம் 'எச்' என்னும் மாறியைக் கண்டுபிடிக்கச் சொல்லும் வேறொரு தொகையீட்டுச் சமன்பாடாகிவிடுகிறது. இந்த உதாரணத்தை யூனிகோடின் ஏடுகளே எடுத்தாள்கின்றன.

இதன் பயனாக 2001 மார்ச்சில் வெளிவந்த யூனிகோட் 3.1 பதிப்பில், கணித எண்ணெழுத்துக் குறிகள் என்ற பெயரில் 1,024 இடங்கள் கொண்ட பகுதி ஒன்று ஒதுக்கப்பட்டது. இன்று அதில் நிரம்பியிருப்பவை 996. ரோமன் எழுத்துக்கள் அங்கே தடித்தும், சாய்ந்தும், தடித்துச் சாய்ந்தும், சுழித்தும், கறுத்தும், இரட்டைக் கோடிட்டும், கொம்பில்லாமலும், தட்டச்சு முறையிலும் ஆகப் பதின்மூன்று கோலங்களில் வரிசையாக நிற்கின்றன. இவை கணிதத்துக்கு மாத்திரமே உரியவை, சாதாரண உரையை அலங்கரிக்க அல்ல என்று கன்சார்ட்டியத்தார் அப்போதே தெளிவாக எழுதியும் வைத்தார்கள். பார்பரா பீட்டன், அஸ்மஸ் ஃபிரைடாக், மர்ரி சார்ஜெண்ட் ஆகிய மூவர் கணிதத்துக்கென்றே தனி அறிக்கை ஒன்றும் இயற்றினார்கள்.

அப்பகுதியில் மீந்திருக்கும் 28 காலியிடங்களில் பெரும்பான்மைக்கும் காரணம் உண்டு. அவற்றில் வரவேண்டிய எழுத்துக்கள் பழைய பதிப்புகளிலேயே வேறு பெயர்களில் வேறோர் இடத்தில் குடியிருந்தன. ஒரே குறிக்கு இரண்டு எண் கொடுப்பது முறையன்று என்று அவற்றை அங்கேயே விட்டுவிட்டார்கள். சாய்ந்த சிற்றெழுத்து 'எச்' இருக்க வேண்டிய இடம் அவ்வாறு வெறுமையானது; ஏனெனில் அது முன்பே பிளாங்க் மாறிலி என்ற பட்டத்துடன் பதிவாகியிருந்தது. சுழித்த பேரெழுத்து 'எல்' லாப்லாஸ் உருமாற்றத்தைக் குறிப்பதாகவும், 'ஆர்' ரீமன் தொகையீட்டைக் குறிப்பதாகவும் பழைய ஏட்டில் காண்கின்றன. ஆகவே ஹரி என்னும் பிள்ளை தன் பெயரை ஆங்கிலத்தில் சாய்ந்த சிற்றெழுத்தால் எழுதிக்கொண்டால் அப்பெயர் குவாண்டம் பௌதிகத்தின் மூலாதாரமான மாறிலியோடு தொடங்குகிறது. லலிதா என்னும் பெண் சுழித்த பேரெழுத்தை விரும்பினால் அவள் பெயரை லாப்லாஸ் முன்னின்று நடத்துகிறார்.

பிறந்தவுடன் இவ்வெழுத்துக்கள் உலாவப் புறப்பட்டுவிடவில்லை. முதல் 65,536 இடங்களுக்கு அப்பால் யூனிகோட் முதன்முதலாக எழுத்துக்களை வைத்தது இந்தப் பதிப்பில்தான். அந்த எல்லையைத் தாண்டிப் படிக்கத் தெரியாத நிரல்களும், அவ்வெழுத்துக்கள் இல்லாத எழுத்துருக்களும் மலிந்திருந்த காலத்தில், இவற்றை அனுப்பினால் பெறுகிறவருக்கு வெறும் கட்டங்கள்தான் தெரிந்தன. கேம்பிரியா மேத் என்னும் எழுத்துரு ஏறக்குறைய 2007-இல் மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸுடன் வந்தது; ஸ்டிக்ஸ் திட்டத்தாரின் சொந்த எழுத்துருவோ 2010-இல்தான் முழுமை பெற்று வெளியாயிற்று.

அதே காலத்தில் இன்னொரு பக்கம் வேறொரு மாறுதல் நடந்துகொண்டிருந்தது. 2003-இல் தோன்றிய மைஸ்பேஸ் தன் அங்கத்தினர்களை அவரவர் பக்கத்தில் தாமே நிரல் எழுதி, வேண்டிய எழுத்தும் வர்ணமும் இட்டுக்கொள்ள விட்டிருந்தது. மறு வருஷம் வந்த ஃபேஸ்புக்கோ எல்லாருக்கும் ஒரே நீல நிறத்தையும் ஒரே எழுத்தையும் விதித்தது; 2006-இல் ட்விட்டரும், 2010-இல் இன்ஸ்டாகிராமும் அவ்வழியையே பின்பற்றின. தன் பக்கத்தைத் தன் மனப்போக்கில் சிங்காரித்துக்கொள்ளும் உரிமையை இழந்த ஜனங்கள், தங்களுக்கு விட்டுவைத்திருந்த ஒரே சாதனமான எழுத்துக்களின் எண் வரிசைக்குள்ளேயே அலங்காரத்தைத் தேடினார்கள் என்றே நான் கருதுகிறேன். பெயரை ஒரு கட்டத்தில் எழுதினால் அதைப் பத்துப் பன்னிரண்டு கோலங்களில் மாற்றிக் காட்டும் இணையப் பக்கங்கள் முளைத்தன. அவை மாற்றுவது எழுத்துருவை அன்று, எழுத்தையே. அதனால்தான் அதை நகலெடுத்து எங்கே ஒட்டினாலும் கோலம் மாறாமல் உடன் வருகிறது.

கணிதப் பண்டாரம் ஒன்றோடு அவர்கள் திருப்தியடையவுமில்லை. அகன்று இடைவெளி விட்டு நிற்கும் எழுத்து ஒன்று உண்டு. அது 1978-ஆம் வருஷத்து ஜப்பானியத் தரநியமத்தில் ரோமன் எழுத்துக்கள் காஞ்சி எழுத்துக்கு ஈடான சதுரத்தில் பொருந்தும்படி வைக்கப்பட்டு, பழைய ஆவணங்கள் சேதமில்லாமல் மாறி வருவதற்காகவே யூனிகோடில் ஏற்கப்பட்டது. தலைகீழாக எழுதுவதற்கு உதவுபவை சர்வதேச ஒலியியல் நெடுங்கணக்கின் எழுத்துக்கள். புதிய ஒலிக்குப் புதிய அச்சு வெட்டச் செலவாகும், இருக்கும் அச்சையே புரட்டி வைத்தால் செலவில்லை என்ற அச்சுக்கூடச் சிக்கனத்தினால் 19-ஆம் நூற்றாண்டின் ஒலியியலார் பல எழுத்துக்களைத் தலைகீழாக்கிப் பயன்படுத்தினார்கள். குட்டையான பேரெழுத்துக்களில் பல, செடேலா என்னும் பின்லாந்துப் பேராசிரியர் 1901-இல் தொடங்கிய யூராலிய ஒலிக்குறி முறையிலிருந்து வந்தவை. நாதம் குறைந்த ஒலிகளைக் குறிப்பது அங்கே அவற்றின் வேலை. அவ்வரிசையில் 'கியூ' 2018 வரை இல்லாதிருந்தபடியால், மாற்றித் தரும் பக்கங்கள் அதுவரை ஏதோ வேறொரு குறியை அந்த இடத்தில் ஒப்பேற்றி வந்தன.

துப்பாக்கி விளையாட்டுகளில் நம் ஊர்ப் பிள்ளைகள் வைத்துக்கொள்ளும் பெயர்களுக்கு இருபுறமும் இறகு விரித்தாற்போல் ஒரு ஜோடிச் சித்திரம் நிற்பதைப் பார்த்திருக்கலாம். அது ஜாவா ஏடுகளில் தலைப்புக்கு இருமருங்கும் எழுதப்படும் ரெரெங்கான் என்னும் அலங்காரக் குறி. 2009-இல் ஜாவானிய எழுத்துக்களோடு யூனிகோடில் சேர்ந்தது. அதற்கு உட்பக்கம் வளைந்து நிற்பவை திபெத்திய அடைப்புக்குறிகள். இத்தனை பேருக்கும் நடுவே மெய்யாகவே அலங்காரத்துக்காகப் பிறந்தது இந்த ஜாவானியக் குறி ஒன்றுதான் என்று சொல்லத் தோன்றுகிறது. நம் அயல் வீட்டுக் கன்னடத்திலிருந்து 'ட' வர்க்கத்து இரண்டாம் எழுத்தும் உலகம் சுற்றியிருக்கிறது. மேலைநாட்டார் அதை இரண்டு தடவை இட்டு நடுவே ஒரு கோடு போட்டு, புருவத்தை நெரித்து முறைத்துப் பார்க்கும் முகமாக்கிக்கொண்டார்கள்.

இவ்வழக்கம் மேலைநாட்டுக்கே உரியதுமன்று. கைப்பேசி பரவிய புதிதில் ஜப்பானியப் பள்ளிப் பெண்கள் எழுத்துக்களை உடைத்தும் வேற்று மொழிக் குறிகளால் ஈடுகட்டியும் தங்களுக்குள் ஒரு நூதன லிபியை நடத்தினார்கள். தைவானில் செவ்வாய்க் கிரக எழுத்து என்று பெயர் பெற்ற இத்தகைய எழுத்தைத் திருத்தும்படி 2006-ஆம் வருஷக் கல்லூரி நுழைவுத் தேர்வில் கேள்வியே வந்து பெரும் சர்ச்சை கிளம்பியது.

தமிழ் எழுத்துக்கு இந்த யோகம் வாய்க்கவில்லை. தமிழ் எழுத்தைத் தடித்தும் சாய்த்தும் வேறுவேறு பொருளில் ஆண்ட கணித சாஸ்திரம் விண்ணப்பம் போடவில்லை. ஆகையால் தடித்த 'அ'வுக்குத் தனி எண் கிடையாது. எல்லா எழுத்தோடும் ஒட்டக்கூடிய குறுக்குக் கோடு, அடிக்கோடு முதலியவற்றைத் தமிழின் மேலும் ஏற்றலாம் என்றாலும், அவை எழுத்தை அழகு செய்வதைவிடச் சிதைப்பதே அதிகம். பலவகைக் கொட்டை எழுத்துக்களையும் கொடிச் சித்திரங்களையும் நம் அச்சுக்கோப்பவர்கள் கல்யாணப் பத்திரிகைக்கு எடுத்து வைத்த காலம் ஒன்று இருந்தது. இன்று தமிழ்ப் பிள்ளை ஒருவன் தன் பெயரைச் சிங்காரிக்க விரும்பினால் முதலில் அதை ரோமன் எழுத்துக்கு மாற்றியாக வேண்டும். தமிழில் பெயர் எழுதிக்கொள்ளும் இளைஞர்கள் குறைவாக இருப்பதற்கு மொழிப் பற்றின்மையே காரணம் என்று கடிந்துகொள்பவர்கள், இதையும் ஒரு சிறு காரணமாகக் கணக்கில் சேர்த்துக்கொள்வது நியாயம்.

அலங்காரத்துக்கு விலை உண்டு. அதைக் கொடுப்பவர் அலங்கரித்தவர் அல்லர். கண் தெரியாதவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான் பல சமயங்களில் இவ்வெழுத்துக்களைப் பெயராகப் படிப்பதில்லை. கணிதத் தடித்த சுழியெழுத்துப் பேரெழுத்து இன்னது என்று ஒவ்வோர் எழுத்தையும் பட்டத்தோடு உச்சரிக்கிறது, சில சமயம் ஒன்றுமே சொல்லாமல் தாண்டிப் போகிறது. ஒரு சொல்லுக்கு இந்தத் தொல்லையைப் பொறுக்கலாம். பத்தி பத்தியாகத் தடித்த கணித எழுத்தில் உபதேசம் எழுதும் உத்தியோகஸ்தர்களை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. தேடினாலும் அப்பெயர் சில இடங்களில் அகப்படாது. கணித எழுத்தைச் சாதாரண எழுத்தோடு சமப்படுத்தும் விதிகளை யூனிகோட் வகுத்திருப்பினும், எல்லாத் தேடல் கட்டங்களும் அவற்றை அனுசரிப்பதில்லை. விலக்கப்பட்ட சொற்களை எழுதி வடிகட்டிகளை ஏமாற்றுகிறவர்களுக்கும் இந்த அலட்சியமே துணை. இத்தனைக்குப் பிறகும் இவ்வெழுத்துக்களைத் திரும்பப் பெற வழியில்லை. ஒரு தடவை ஏற்றுக்கொண்ட எழுத்தை ஒருபோதும் நீக்குவதில்லை என்பது கன்சார்ட்டியத்தின் மாறாத விதி.

கம்பெனிகள் இதற்குள் கொஞ்சம் இறங்கி வந்திருக்கின்றன. 2016-இல் வாட்ஸப், ஒரு சொல்லின் இருபுறமும் நட்சத்திரக் குறி இட்டால் அது தடித்துத் தெரியும்படி செய்தது. எழுத்து வசதியில்லாத பழைய மின்னஞ்சல் காலத்தில், இதை அழுத்திப் படி என்று சொல்வதற்காக ஜனங்கள் தாமே ஏற்படுத்திக்கொண்ட சம்பிரதாயம் அது. 2023-இல் ட்விட்டரும் சந்தா கட்டுகிறவர்களுக்குத் தடித்த எழுத்தையும் சாய்வெழுத்தையும் அனுமதித்தது. இங்கே எழுத்து மாறுவதில்லை, வடிவம் மாத்திரமே மாறுகிறது. யூனிகோட் ஆதியில் வகுத்த முறையும் இதுவே. அதனால் வாட்ஸப்பில் தமிழும் தடிக்கிறது. ஆனால் இது செய்தி எழுதும் இடத்துக்கு மட்டுமான சலுகை; பெயர் எழுதும் கட்டத்தில் நட்சத்திரக் குறி இட்டால் நட்சத்திரக் குறியே தெரிகிறது.