பஸ்தியும் பட்டாவும்: ஹைதராபாத் ஏழைகளின் குடியிருப்பு உரிமை

ஹைதராபாத்தில் ஏழைகள் சேர்ந்து வாழும் பகுதிக்கு ‘பஸ்தி’ என்று பெயர். கூலி வேலைக்கு வந்தவர்கள் ஆற்றங்கரையிலும் நாலா எனப்படும் கால்வாய் ஓரத்திலும் புறம்போக்கிலும் குடிசை போட்டார்கள். காலப்போக்கில் மண்சுவர் செங்கல் சுவராகி, சந்துகள் தெருக்களாகிப் பஸ்திகள் உருவாயின. மாநகராட்சிக் கணக்கில் இவை 1,476. நகர மக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் இங்கே வாழ்கிறார்கள். இவர்களின் நெடுங்காலக் கோரிக்கை மனைப் பட்டா.

1908 செப்டம்பர் 28 அன்று மூசி ஆற்றில் வந்த வெள்ளம் சுமார் 15,000 பேரைப் பலிகொண்டது. இன்று உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில் நிற்கும் புளியமரத்தில் ஏறி ஏறத்தாழ 150 பேர் உயிர் பிழைத்தார்கள். அதன்பின் 1912இல் நிஜாம் அரசு நகர மேம்பாட்டு வாரியத்தை அமைத்தது. வாரியம் நெரிசலான பகுதிகளை இடித்துச் சாலைகளை அகலப்படுத்தியது, வீடுகளும் கட்டிக்கொடுத்தது. யார் எங்கே குடியிருப்பது என்பதை அரசே தீர்மானித்த காலம் அது.

1967இல் தொடங்கிய நகர்ப்புறச் சமுதாய வளர்ச்சித் திட்டம் இந்த முறையை ஓரளவு மாற்றியது. சமூக அமைப்பாளர்கள் பஸ்திகளுக்குச் சென்று நலக்குழுக்கள், மகளிர் மன்றங்கள், இளைஞர் மன்றங்கள் அமைக்க உதவினார்கள். குழாய், கழிவுநீர்க் கால்வாய், பால்வாடி, தையல் வகுப்பு ஆகியவற்றில் எது முதலில் வேண்டும் என்று குழு முடிவு செய்தது. செலவில் ஒரு பங்கைப் பஸ்திக்காரர்கள் பணமாகவோ உழைப்பாகவோ கொடுத்தார்கள். 1970களின் பிற்பகுதியில் இது வீடு கட்டுவதற்கும் விரிந்தது. பட்டா கைக்கு வந்ததால் வங்கிக் கடன் கிடைத்தது, குடும்பங்கள் தங்கள் வீட்டைத் தாங்களே கட்டிக்கொண்டன. திட்டத்தை அரசு தொடங்கியிருந்தாலும், கூட்டமாகப் போய் அதிகாரியிடம் பேசும் பழக்கத்தைப் பஸ்திகள் அதில் கற்றுக்கொண்டன.

பம்பாய் நடைபாதைவாசிகள் தொடுத்த ஓல்கா டெல்லிஸ் வழக்கில், பிழைப்புக்கான உரிமையும் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1985இல் கூறியது. ஆனால் உரிய அறிவிப்புக்குப் பின் அவர்களை அகற்றத் தடையில்லை என்றும் அதே தீர்ப்பு சொன்னது. தெலங்கானா உருவானபின், 2014 டிசம்பரில் வந்த அரசாணை 58, அரசு நிலத்தில் வீடு கட்டியிருந்த ஏழைகளுக்கு 125 சதுர கெஜம் வரையிலான மனையை இலவசமாக முறைப்படுத்தித் தந்தது. நீர்நிலைகளில் இருந்தவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

இதனால், முன்பே தொடங்கியிருந்த மூசிக் கரைக்காரர்களின் போராட்டம் தனியே தொடர்ந்தது. ஆற்றை அழகுபடுத்த 1990களின் பிற்பகுதியில் வகுக்கப்பட்ட நந்தனவனம் திட்டம் கரைக் குடிசைகளை அகற்றி, எல்.பி.நகர் பக்கம் குடியமர்த்த முனைந்தது. கரையில் வாழ்ந்தவர்கள் மலக்பேட் சந்தையிலும் பேகம் பஜாரிலும் மூட்டை தூக்குபவர்கள், பக்கத்துக் குடியிருப்புகளில் வீட்டு வேலை செய்பவர்கள். புதிய இடத்திலிருந்து வேலைக்கு வர, கூலியில் ஒரு பகுதி பஸ்ஸுக்கே போய்விடும். எதிர்ப்புக்கு இதுவே முக்கியக் காரணம். வீட்டுரிமைக்கும் குடியிருப்புரிமைக்குமான இயக்கமான ‘சத்ரி’ போன்ற அமைப்புகள் இக்கோரிக்கைகளை ஒன்று திரட்டின. சத்ரி என்றால் குடை.

குடிசைகூட இல்லாதவர்களின் நிலை இன்னும் மோசம். விடியற்காலையில் ‘அட்டா’க்களில் கூலிக்கு நிற்பவர்கள், குப்பை பொறுக்குபவர்கள், ஃபங்ஷன் ஹால்களில் பாத்திரம் கழுவுபவர்கள் எனப் பலர் நடைபாதையில் தூங்குகிறார்கள். விலாசம் இல்லாததால் ரேஷன் கார்டு பெறுவது கடினம். 2000இல் அமெரிக்க அதிபர் கிளிண்டன் வருகையின்போதும், 2017 நவம்பரில் உலகத் தொழில்முனைவோர் மாநாட்டின்போதும் பிச்சையெடுப்பவர்கள் தெருவிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டார்கள். இரண்டாவது முறை பலர் சிறைத்துறை நடத்திய இல்லங்களுக்கு அனுப்பப்பட்டார்கள்.

மக்கள் சிவில் உரிமைக் கழகம் 2001இல் தொடுத்த உணவுரிமை வழக்கில் 2010இல் வீடற்றோர் பிரச்சினையும் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. 2013இல் மத்திய அரசின் திட்டம், லட்சம் பேருக்குக் குறைந்தது 100 பேர் தங்கும் காப்பகங்கள் வேண்டும் என்று வரையறுத்தது. 2011 மக்கள்தொகைப்படி ஹைதராபாத்துக்கு இது சுமார் 6,700 இடங்கள். மாநகராட்சியும் அமன் வேதிகா போன்ற அமைப்புகளும் காப்பகங்கள் நடத்தினாலும் அந்த எண்ணிக்கை எட்டப்படவில்லை.

2024 செப்டம்பரில் மூசிப் புனரமைப்புக்காகச் சாதர்காட் பகுதி வீட்டுச் சுவர்களில் சிவப்பு மையால் ‘ஆர்பி-எக்ஸ்’ என்று குறியிட்டார்கள். ஆற்றுப்படுகையில் உள்ள வீடு என்று அதற்குப் பொருள். சில குடும்பங்கள் மலக்பேட்டின் பில்லிகுடிசெலு போன்ற இடங்களில் கட்டிய டபுள் பெட்ரூம் வீடுகளுக்குப் போயின. மற்றவர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள், நீதிமன்றத்தையும் நாடினார்கள். நந்தனவனம் காலத்தில் எழுந்த அதே கோரிக்கைதான் அப்போதும் எழுந்தது: முதலில் வேலைக்குப் பக்கத்தில் மாற்று வீடு, அதன்பிறகே இடிப்பு.