வாலியின் ஆட்சியும் கான்சலின் பத்திரமும்

உஸ்மானியப் பேரரசின் வீழ்ச்சியைப் பேசுவோர் பெரும்பாலும் போர்க்களங்களையே நினைவுகூர்கின்றனர். மாகாணங்களில் அதிகாரம் கைநழுவிய விதத்தை அறிய, ஐரோப்பியக் கான்சல்களின் அலுவலகங்களைப் பார்க்க வேண்டும்.

1740-இல் சுல்தான் முதலாம் மஹ்மூத் பிரான்சுக்கு விரிவான வணிகச் சலுகைகளை வழங்கினார். பிரெஞ்சு வணிகருக்குச் சுங்கம் 3 விழுக்காடு. அவர்கள் தமக்குள் தொடுக்கும் வழக்குகளைக் கான்சலே விசாரிப்பார். கான்சலகத்தின் தர்ஜுமான்களுக்கும் பாதுகாப்பு உண்டு. தர்ஜுமா என்ற சொல் நமக்குப் பழக்கமானதே. ஆனால் ‘பராத்’ எனும் உரிமைப் பத்திரம் பெற்ற தர்ஜுமான்களுள் பலர் எதையும் மொழிபெயர்த்தவர்கள் அல்லர். அப்பத்திரத்தை விலைக்கு வாங்கிய உள்ளூர் வணிகர்கள். அதைக் கையில் வைத்திருப்பவர் சுல்தானின் குடிமகனாயினும், வாலி எனும் மாகாண ஆளுநர் அவர்மீது எளிதில் கைவைக்க இயலாது. அவரை விசாரிக்கையில் கான்சலகத்தின் ஆள் உடனிருப்பார்.

வாலிகள் அடிக்கடி மாற்றப்பட்டனர். கான்சல்களோ ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருந்தனர். கான்சல் மனம் கோணினால் இஸ்தான்பூலிலுள்ள தம் தூதருக்கு எழுதுவார். தூதர் அரசவையில் முறையிடுவார். பதவியை இழக்க விரும்பாத வாலி அதற்கு முன்பே இணங்கிவிடுவார்.

லெபனானில் இது உச்சத்தை எட்டியது. மரோனியருக்குப் பிரான்சும் துரூஸ்களுக்கு பிரிட்டனும் புரவலராயின. 1841 முதல் பிரிட்டனின் கான்சல் ஜெனரலாக இருந்தவர் ஹியூ ரோஸ். 1858-இல் ஜான்சியைக் கைப்பற்றிய அதே படைத்தலைவர்!

பழியனைத்தையும் அந்நியர்மீது சுமத்துவது நேர்மையாகாது. 1860-இல் மலையில் மூண்ட கலவரம் திமிஷ்குக்குப் பரவி, அங்கே கிறிஸ்தவர்கள் படுகொலை செய்யப்பட்டனர். அவர்களைக் காக்கும் அமானிதம் வாலி அஹ்மத் பாஷாவினுடையது. அவர் அதில் தவறினார். பிரெஞ்சுப் படையுடன் ஆண்டுக்கணக்கில் போரிட்டுத் தாயகத்தை இழந்த அல்ஜீரிய அமீர் அப்துல் காதிர்தாம், ஆயிரக்கணக்கான கிறிஸ்தவர்களையும் பிரெஞ்சுக் கான்சலகத்தாரையும் காப்பாற்றினார். பின்னர் சுல்தான் அனுப்பிய ஃபுஆத் பாஷா, அஹ்மத் பாஷாவுக்கு மரண தண்டனை நிறைவேற்றினார். அதற்குள் 6,000 பிரெஞ்சு வீரர்கள் பெய்ரூத்தை நோக்கிப் புறப்பட்டிருந்தனர்.

1861-இல் வகுக்கப்பட்ட சட்டத்தின்படி, லெபனான் மலையின் ஆளுநர் கிறிஸ்தவராக இருக்க வேண்டும். அவரை நியமிக்க ஐரோப்பிய வல்லரசுகளின் ஒப்புதலும் வேண்டும். முதலில் பதவியேற்றவர் ஆர்மீனியக் கத்தோலிக்கரான தாவூத் பாஷா. சொந்த மாகாணத்துக்கு ஆளுநரை அனுப்பவே சுல்தான் பிறரிடம் இசைவு கேட்கும் நிலை!

1914-இல் இஸ்தான்பூல் இச்சலுகைகள் அனைத்தையும் ரத்துச் செய்தது. எதிர்ப்புத் தெரிவித்தவர்களுள், உஸ்மானியருடன் அப்போதுதான் நேச உடன்படிக்கை செய்திருந்த ஜெர்மனியின் தூதரும் ஒருவர்.