ஆற்றுவாழைக்கு யார் பொறுப்பு?

ஊதாப் பூவின் அழகுக்காகவே ஆற்றுவாழை என்ற நீர்ச்செடியை இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள். அது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம். சில ஆண்டுகளுக்குள், 1909இல், அந்தச் செடியின் பரவலைத் தடுக்கவென்றே தனியாக ஒரு கட்டளைச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. 1939இல் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவரவியல் துறை வழியாகச் சல்வீனியா என்ற மற்றொரு நீர்ச்செடி வந்தது. படிப்புக்கென வந்த செடி 1954இல் ஏறத்தாழ 22,000 ஏக்கர் வயலையும் 2,000 ஏக்கர் நீர்வழிகளையும் மூடிக் கிடந்தது. தாவரப் பாதுகாப்புக்கு 1924இலேயே கட்டளைச் சட்டம் இருந்தது; 1999இல் அதன் இடத்துக்குப் புதிய சட்டமும் வந்தது. ஆகவே சட்டமில்லாத குறையால் இவை பரவின என்று சொல்ல வழியில்லை. பருவந்தோறும் தண்ணீரில் இறங்கிப் பிடுங்க வேண்டியவர் யார் என்ற கேள்விக்கு ஊர் மட்டத்தில் உறுதியான பதில் இல்லாமற் போனதே காரணம் என்பேன்.

மட்டக்களப்பு மாவட்டத்து உன்னிச்சைக் குளத்தை எடுத்துக்கொள்வோம். குளக்கட்டும் வான்கதவுகளும் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கையில். மட்டக்களப்பு நகரம் குடிக்கும் தண்ணீர் இங்கிருந்துதான் போகிறது. அது நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பொறுப்பு. கீழேயுள்ள வயல்களுக்குக் கமநல சேவை நிலையமும் விவசாய அமைப்புகளும் உண்டு. சுற்றியுள்ள ஊர்கள் மண்முனை மேற்குப் பிரதேச சபைக்குள் வருகின்றன. ஒரே தண்ணீருக்கு இத்தனை பேர் உரித்தாளிகள். ஆனால் களை மிதந்து வந்தால் ஒவ்வொருவரும் மற்றவரைக் கைகாட்ட இடமிருக்கிறது. பழைய முறையில் இந்த இடைவெளி குறைவு. 1856இன் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் ஊர் வழக்கத்துக்கே சட்ட வலுக் கொடுத்தது. விதைப்புக்கு முன் வாய்க்காலில் தன் காணி அளவுக்கு ஏற்ற பங்கை ஒவ்வொருவரும் துப்புரவாக்க வேண்டும். செய்யாதவரை, அதைக் கண்காணிக்கும் வட்டவிதானை கேட்பார். அந்த முறையைப் பொற்காலமாக்க நான் வரவில்லை. காணி நிலவுடைமையாளரான போடியாருடையது, சேற்றில் இறங்கியவர் அவருக்காகப் பயிரிட்ட முல்லைக்காரர். 1958இன் நெற்காணிச் சட்டம் விதானைப் பதவியை நீக்கிப் பயிர்ச்செய்கைக் குழுக்களை அமைத்ததில் நியாயம் இருந்தது. ஆனால் அநீதியோடு சேர்த்து, இந்தத் துண்டு இன்னாருடையது என்ற கணக்கும் தளர்ந்துபோயிற்று. பின்னர் சட்டங்கள் மாற மாறக் குழுக்களும் மாறின. 1987இன் சட்டத்தால் உருவான பிரதேச சபைக்கோ பெருங்குளத்தின்மேல் அதிகாரம் இல்லை.

பூச்சி விட்டால் போதாதா என்று கேட்பவர்களுக்குச் சான்று இல்லாமலில்லை. பிரேசிலைத் தாயகமாகக் கொண்ட இரண்டு மில்லிமீற்றர் அளவான கூன்வண்டு ஒன்றை 1986இல் இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள். வண்டு சல்வீனியாவின் குருத்தைத் தின்னும், அதன் புழு தண்டைத் துளைக்கும். பச்சைப் பாய் பழுப்பாகி அமிழ்ந்துபோகும். பல நீர்நிலைகள் இப்படித் தெளிந்தது அறிவியலின் பெரிய வெற்றி. ஆனால் சல்வீனியாவுக்கு வளமான விதையில்லை. உடைந்த துண்டுகளாலேயே அது பெருகுகிறது. ஆற்றுவாழை விதை போடும். அந்த விதை பதினைந்து ஆண்டுக்கு மேலும் சேற்றில் உயிரோடு கிடக்கும். வயல் உரமும் ஊர்க் கழிவும் சேரும் தண்ணீரில் அது தழைக்கும் வேகத்துக்கு, அதைத் தின்னும் வண்டுகள் ஈடுகொடுப்பதில்லை. மருந்தடிக்கலாம் என்பது குடிநீர்க் குளத்தில் பேசவே கூடாத பேச்சு. பசளையாக்கலாம் என்பது நல்ல யோசனைதான். ஆனால் செடியின் எடையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். கரையில் குவித்துக் காயவைத்து ஏற்றிச் செல்ல ஆள் வேண்டும். குவித்ததை அப்படியே விட்டால் அடுத்த வெள்ளம் திரும்பத் தண்ணீருக்குள் தள்ளிவிடும்.

வெள்ளம் எல்லை பார்ப்பதில்லை என்பதற்குக் கிட்டங்கி சாட்சி. மாரியில் வரும் ஆற்றுவாழை அந்தத் தாம்போதியில் அடைத்து நின்று கல்முனைக்கும் நாவிதன்வெளிக்குமிடையே போக்குவரத்தை மறிக்கும். பிறகு பெக்கோ இயந்திரம் வரும். மட்டக்களப்பு வாவியின் முகத்துவாரம் திறந்து கடல்நீர் ஏறினால் உவர் தாங்காமல் செடி கருகும் என்பது உண்மை. ஆனால் வாவியின் தெற்குப் பகுதியில் உவர் குறைவு. உன்னிச்சை போன்ற நன்னீர்க் குளத்துக்கோ அந்த உதவி கிடையவே கிடையாது. பிரதேச சபையிடம் பணமில்லை, இதைக் கொழும்பே பார்க்கட்டும் என்பார்கள். பெரிய இயந்திரத்துக்குக் கொழும்பு வேண்டியிருக்கலாம். நாலு செடியாக இருக்கும்போதே காண்பது அங்கு தினமும் வள்ளம் தள்ளுபவரும் வாய்க்கால் காவலரும்தான். அவர்கள் சொன்னால் கேட்கவும், சிறு கூலி கொடுத்து உடனே பிடுங்கவும் சபைக்கு உரிமையும் ஒரு சிறு நிதியும் இருந்தால் போதும்.

தண்ணீர் திறக்கும் நாளையும் விதைப்பு நாளையும் மாவட்டச் செயலாளர் தலைமையிலான கன்னக் கூட்டம் ஏற்கனவே முடிவு செய்கிறது. எந்தக் கரை, எந்த வாய்க்கால், எந்த மாதம், யார் பொறுப்பு என்பதையும் அதே கூட்டம் அதே அறிக்கையில் எழுதட்டும். பிரதேச சபைக்கும் அந்த மேசையில் ஓர் இருக்கை போடுங்கள்.